ரேடியோ என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்

ஒரே கருவிக்குப் பெங்களூரு நகரில் நான்கு பெயர்கள் வழங்குகின்றன. கடைவீதியில் அது ரேடியோ. நிலையத்தின் வாயிற்பலகையில் ஆகாசவாணி. கன்னட இலக்கிய வழக்கில் பானுலி. இச்சொல்லின் முதலெழுத்தை அதிர்த்து ஒலித்தல் வேண்டும். இந்நகர்த் தமிழர் இல்லங்களில் அது வானொலி. இந்நான்கனுள் பின்னைய மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருளைத் தருவன. முதலாவது மட்டும் முற்றிலும் வேறொரு பொருளைத் தருவது. ஆகாசவாணி, பானுலி, வானொலி என்பன வானத்தில் எழும் குரலைச் சுட்டுகின்றன. ரேடியோ என்னும் சொல்லிலோ வானும் இல்லை, ஒலியும் இல்லை. அதன் பொருள் கதிர் என்பதே.

இவ்வேறுபாடு அகராதி ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்க்கும், ஊர்தோறும் சென்று மக்களின் வினாக்களுக்கு விடையளிக்கும் களப்பணியாளர்க்கும் இஃது அன்றாடம் இடையூறு விளைப்பது. ஆதலின் இச்சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

மூலச்சொல்

இலத்தீன் மொழியில் 'ரேடியஸ்' என்றொரு சொல் உண்டு. கோல், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், நெசவாளரின் ஓடம், ஒளிக்கதிர் ஆகிய பொருள்கள் அதற்கு உள. குடத்தினின்று நாற்புறமும் நேராகச் செல்லும் ஆரக்கால்களையும், ஞாயிற்றினின்று நாற்புறமும் நேராகப் பரவும் கதிர்களையும் ஒப்புநோக்கினால், ஒரே சொல் இரண்டிற்கும் ஆகி வந்தமை எளிதில் விளங்கும். வட்டத்தின் மையத்திலிருந்து பரிதிவரை வரையப்படும் நேர்கோட்டிற்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் இதுவே. முன்கையிலுள்ள எலும்புகள் இரண்டனுள் ஒன்றற்கும் இப்பெயரே இடப்பட்டது.

தமிழிலும் இதற்கு அழகிய இணை உண்டு. வட்டத்தின் அக்கோட்டை நாம் ஆரம் என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஆரை என்கின்றன. இரண்டும் ஆரக்காலையே நினைவூட்டுவன. கதிர் என்னும் நம் சொல்லோ ஒளிக்கற்றையையும், நெல்லின் கதிரையும், நூல் நூற்கும் இராட்டையின் கதிரையும் ஒருங்கே குறிக்கும். இலத்தீன் சொல் நெசவாளரின் ஓடத்தைத் தொட்டது. தமிழ்ச் சொல் நூற்பவரின் கதிரைத் தொட்டது. இதுகொண்டு இரு சொற்களும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவுகட்டுதல் கூடாது. நீண்டு மெலிந்து நேராக நிற்கும் பொருள்களை ஒப்பிட்டுப் பெயரிடும் வழக்கம் மக்களினம் எங்கணும் உள்ளது, அவ்வளவே. முள்ளங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒலியால் ரேடியோவுக்கு உறவுபோல் தோன்றும். அஃது உண்மையில் வேர் என்னும் பொருளுடைய பிறிதோர் இலத்தீன் சொல்லினின்று வந்தது. ஒலி ஒப்புமையை மட்டும் நம்புவார்க்கு இஃதோர் எச்சரிக்கை.

கருவிக்கு முன் வந்த சொல்

இன்று நாம் அறிந்த ரேடியோ பிறப்பதற்கு முன்னரே அப்பெயரின் முற்பகுதி வேறொரு கருவிக்குச் சூட்டப்பட்டுவிட்டது. தொலைபேசியைப் படைத்த அலெக்சாந்தர் கிரகாம் பெல், 1880 ஆம் ஆண்டில் பேச்சை ஒளிக்கற்றையின் வழியே அனுப்பும் கருவியொன்றைச் செய்தார். பேச்சால் அதிரும் மெல்லிய ஆடியில் ஞாயிற்றொளி பட்டுத் தெறிக்கும். தெறித்த ஒளியின் ஏற்றத்தாழ்வு மறுமுனையில் மீண்டும் பேச்சாகும். இத்தகைய கருவிக்கு 'ரேடியோபோன்' என்னும் பெயர் பொருந்தும் என்று எர்னெஸ்ட் மெர்காதியே என்னும் பிரெஞ்சு அறிஞர் கூற, பெல் அதனை 1881 இல் எடுத்தாண்டார். கதிர்வழிப் பேச்சு என்பது அதன் நேர்ப்பொருள். இங்குக் கதிர் என்றது கண்ணுக்குப் புலனாகும் ஒளியையே.

அதன்பின் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் செர்மானிய விஞ்ஞானி 1887, 1888 ஆம் ஆண்டுகளில், கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் எழுப்பிக் காட்டினார். அவை உலோகத் தகட்டில் பட்டுத் தெறிப்பதையும், கீலால் வார்த்த பெரிய பட்டகத்தின் ஊடே வளைந்து செல்வதையும் கண்டு, ஒளியின் இயல்புகள் அனைத்தும் இவற்றிற்கும் உண்டென நிறுவினார். 1888 இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே மின்விசையின் கதிர்கள் என்னும் பொருளுடையது. நம் நாட்டில் சகதீச சந்திர போசர் 1895 இல் கொல்கத்தாவில், சில மில்லிமீட்டர் நீளமே உடைய இத்தகைய அலைகளைக் கொண்டு ஆராய்ந்தார். சுவருக்கு அப்பால் இருந்த மணியை அவ்வலைகளால் ஒலிக்கச் செய்து காட்டியவர் அவர். அவரும் தம் கட்டுரைத் தலைப்பில் ஒலி என்றோ செய்தி என்றோ கூறாது, மின்கதிர்கள் என்றே குறித்தார். முதன்முதல் இவற்றைக் கையாண்டோர் கருத்தில் நின்றது ஒளியின் ஒப்புமையே என்பது இதனால் பெறப்படும்.

பிரான்சு நாட்டு எதுவார் பிரான்லி, இவ்வலை பட்டவுடன் மின்னோட்டத்துக்கு வழிவிடும் உலோகத்தூள் குழாயொன்றை 1890 ஆம் ஆண்டளவில் அமைத்து, பின்னர் அதற்கு 'ரேடியோ' என்னும் முன்னொட்டுடன் பெயரிட்டார். மார்க்கோனியின் முயற்சியால் இக்கலை கப்பல்களுக்கும் கடற்கரைகளுக்கும் பரவியபோது, ஆங்கிலேயர் அதனைக் கம்பியற்றது என்னும் பொருளுடைய 'வயர்லெஸ்' என்றே அழைத்தனர். நம் முன்னோர் கம்பியில்லாத் தந்தி என மொழிந்தது அதன் நேர் பெயர்ப்பு. இல்லாத ஒன்றைக்கொண்டு ஒரு பொருளுக்குப் பெயரிடுவது என்றும் சிறப்புடையதன்று. கம்பியில்லை என்பது சரி, பின் என்னதான் உள்ளது என்னும் வினாவுக்கு அப்பெயரில் விடையில்லை. 1906 ஆம் ஆண்டில் பெர்லினில் கூடிய பன்னாட்டு மாநாட்டின் உடன்படிக்கை 'ரேடியோ' என்னும் முன்னொட்டைத் தந்திக்கு முன் சேர்த்து வழங்கியது. அதன்பின் முன்னொட்டே தனிச்சொல்லாக நின்றுவிட்டது.

இந்தியாவில் மூன்று வழக்குகளும் அடுத்தடுத்து வந்தமையை நிறுவனப் பெயர்களிலும் சட்டப் பெயர்களிலும் காணலாம். 1927 இல் தோன்றிய கம்பெனியும், 1930 இல் அரசு ஏற்று நடத்திய அமைப்பும் ஒலிபரப்பு என்னும் சொல்லைத் தாங்கின. 1933 ஆம் ஆண்டுச் சட்டம் வயர்லெஸ் என்றது. 1936 சூனில் ஆல் இந்தியா ரேடியோ என்னும் பெயர் வந்தது. இவற்றுள் ஒலிபரப்புக்குரிய ஆங்கிலச் சொல் உழவரிடமிருந்து கடன் வாங்கியது. விதையைச் சாலில் இடாது கையால் வீசித் தெளிப்பதே அதன் பழம்பொருள். வேளாண் பணியாளர் இதனை உழவரிடம் சொல்லிப் பார்க்கலாம். குறித்த ஓர் ஆளுக்கு அனுப்பப்படுவது தந்தி. நிலமெங்கும் விதைபோல் எல்லார்க்கும் வீசப்படுவது ஒலிபரப்பு.

நம் நாட்டுப் பெயர்கள்

ஆகாசவாணி என்னும் பெயர் ஓர் ஒலிபரப்பு நிலையத்துக்கு வாய்த்தது இன்றைய கருநாடக மாநிலத்தில்தான். மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி, 1935 செப்டம்பரில் தம் இல்லத்திலேயே சிறு ஒலிபரப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அரசின் துணை எதிர்நோக்காது ஒரு பேராசிரியர் தம் ஆர்வத்தால் நடத்திய நிலையம் அது. அதற்கே ஆகாசவாணி என்னும் பெயர் அமைந்தது. பின்னர் மைசூர் அரசின் பொறுப்பில் நடந்து, 1950 இல் ஆல் இந்தியா ரேடியோவைச் சேர்ந்து, 1955 நவம்பரில் அவ்வொலிபரப்பு பெங்களூருக்கு வந்தது. மைசூரின் பெயர் 1950-களின் பிற்பகுதியில் நாடு முழுவதற்கும் உரிய பெயராக ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. வானொலி என்னும் சொல் அங்கு முன்னரே ஊன்றியிருந்தது. 2023 மே மாதத்தில் ஆங்கிலப் பெயரை விடுத்து ஆகாசவாணி என்பதையே வழங்குமாறு நிறுவனம் பணித்தபோதும் அவ்வெதிர்ப்புக் குரல் மீண்டும் கேட்டது.

ஆகாசவாணி என்பது புராணங்களில் பயிலும் சொல். உருவம் தோன்றாது வானத்தில் எழும் குரல் அது. கம்சனுக்கு அவன் முடிவை உரைத்ததும் அதுவே. தமிழ்க் கதைகூறுவோர் அதனைப் பெரும்பாலும் அசரீரி என்பர். கன்னடப் பானுலியோ நம் வானொலியின் உடன்பிறப்பு. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும். வேர் அங்குப் பேரு ஆவதுபோல், வான் பான் ஆயிற்று. தமிழறிந்தார் ஒருவர்க்குப் பெங்களூரில் கன்னட நாளிதழை எழுத்துக்கூட்டிப் படிக்கையில் இச்சொல் தரும் மகிழ்ச்சி பெரிது.

ஐம்பூதங்களுள் ஆகாயத்தின் குணம் ஒலி என்பது நம் பழைய தத்துவ நூலோர் கொள்கை. எனவே வானத்தையும் ஒலியையும் இணைத்த பெயர் நம் செவிக்கு இயல்பாகவே பொருந்தியது. ஐரோப்பியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈதர் என்னும் நுண்பொருள் எங்கும் நிறைந்திருப்பதாகவும், அதன் அசைவே ஒளி எனவும் எண்ணினர். 1887 இல் மைக்கல்சன், மோர்லி ஆகியோர் அதன் விளைவைத் தேடிக் காணவில்லை. 1905 இல் ஐன்ஸ்டைன் அஃது இல்லாமலே ஒளியின் இயக்கத்தை விளக்கினார். பொருள் மறைந்தது, அதன் நிழல் பெயர்களில் தங்கியது.

பெயர் தோன்றிய விதம் ஒருபுறமிருக்க, பொதுமக்கள் தம் வழியே செல்வர். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றித் திருச்சிராப்பள்ளி நிலையம் இடைவிடாது எடுத்துரைத்தது. தஞ்சை மாவட்ட உழவர் அதனை விரும்பிப் பயிரிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ரேடியோ நெல். கதிர் என்று பொருள்படும் சொல் நெற்கதிரிலேயே வந்து அமர்ந்த இந்தத் தற்செயல், சொல்லாராய்வோர்க்கு நல்விருந்து.

வருவது ஒலியா?

இனி, ஆசிரியர்க்கு உரிய பகுதிக்கு வருவோம். வானொலி என்னும் பெயரைக் கேட்டே வளரும் மாணவன், நிலையத்தில் பேசியவர் குரல்தான் வானத்தின் வழியே பறந்து வருகிறது என எண்ணுவான். அவ்வெண்ணத்தை ஒரு கணக்கால் அகற்றலாம். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஒலி காற்றில் நொடிக்கு 340 மீட்டர் அளவே செல்லும். பெங்களூரில் பிறந்த குரல் தேயாமல் மைசூரை அடைவதாக வைத்துக்கொண்டாலும் அதற்கு 7 நிமிடம் ஆகும். ரேடியோ அலையோ ஒளியைப்போல் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்வது. அவ்வூரை ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு கூற்றுக்குள் அடைந்துவிடும்.

நிகழ்வது இதுவே. ஒலிவாங்கியின் முன் எழும் குரல் மின்னோட்டமாக மாறுகிறது. அம்மின்னோட்டம், நிலையத்தில் இடையறாது எழுப்பப்படும் மிகுவேக மின்னலையின் மீது தன் ஏற்ற இறக்கங்களைப் பதிக்கிறது. அவ்வலை தூக்கிச் செல்வது குரலை அன்று, குரலின் வடிவை. வீட்டிலுள்ள பெட்டி அவ்வடிவைப் பிரித்தெடுத்து ஒலிபெருக்கியை அதிரச் செய்ய, அங்கேதான் மீண்டும் ஒலி பிறக்கிறது. பெங்களூர் நிலையம் நெடுங்காலம் பயன்படுத்தி வந்துள்ள மத்திய அலை 612 கிலோஹெர்ட்ஸ். நொடிக்கு 6,12,000 முறை அதிர்வது என்பது பொருள். மனிதச் செவி உணரும் எல்லை நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளே. ஒளியின் வேகத்தை இவ்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 490 மீட்டர் எனக் கிடைக்கும். மாணவரைக் கொண்டே இவ்வகுத்தலைச் செய்விக்க. தாம் அன்றாடம் திருகும் குமிழின் எண்ணுக்குப் பின் அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அலை நிற்பதை அறிந்து வியப்பர்.

கருவிச் செலவின்றிக் காட்டத்தக்க சான்று ஒன்று மழைக்காலத்தில் கிடைக்கும். தொலைவில் இடி முழங்கும் மாலையில், மின்கலத்தால் இயங்கும் பெட்டி ஒன்றை வீட்டினுள் வைத்து, நிலையம் எதுவும் இல்லாத மத்திய அலை இடத்தில் திருப்பி வைக்கவேண்டும். எஃப்.எம். வரிசை இதற்கு ஆகாது. மின்னல் கண்ணில் படும் அக்கணமே பெட்டியில் படபட என்னும் ஓசை கேட்கும். இடியோசை சில நொடி கழித்தே வரும். கிலோமீட்டருக்கு 3 நொடி வீதம் கணக்கிட்டு மின்னலின் தொலைவையும் கூறிவிடலாம். ஒரே மின்னல் மூன்றனைத் தோற்றுவித்தது: ஒளி, ரேடியோ அலை, ஒலி. முன்னிரண்டும் ஒன்றாய் வந்தன, மூன்றாவது பின்தங்கியது. ரேடியோ எக்குலத்தைச் சேர்ந்தது என்பதை இதனினும் தெளிவாக எந்நூலும் காட்டுவது அரிது. மாணவர் திறந்த வெளியிலோ மரத்தடியிலோ நின்று இதனைச் செய்யாதவாறு ஆசிரியர் காத்தல் வேண்டும்.

ஒரே முன்னொட்டு, பல பொருள்

மொழிபெயர்ப்போர்க்கு இடர் தருவது இனிக் கூறப்படும் செய்தி. 1898 இல் கியூரி தம்பதியர், சில தனிமங்கள் தாமே கதிர்களை உமிழ்வதைக் குறிக்கவும் இதே முன்னொட்டைக் கையாண்டனர். தாம் கண்ட புதுத் தனிமத்துக்கு ரேடியம் எனப் பெயரிட்டனர். இவ்வாறு ஒரு வேரினின்று இரு கிளைகள் பிரிந்தன. வானிலைத் துறையினர் பலூனில் கட்டி விடும் ரேடியோசோண்டு முதற்கிளையைச் சேர்ந்தது. மேற்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அலைவழி அறிவிப்பது. தொல்பொருளின் வயதைக் கணிக்க உதவும் ரேடியோ கார்பன் இரண்டாவது கிளை. இங்கு அலைபரப்பு ஏதுமில்லை. 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேயும் கதிரியக்கக் கார்பன் அது. இதனை எவரேனும் வானொலிக் கார்பன் எனப் பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். முன்னொட்டைக் கண்டவுடன் பேனாவை ஓட்டாது, எக்கிளை என்று நோக்கியே சொல்லைத் தேர்தல் வேண்டும்.

நகைப்போடு நில்லாத பிழையும் உண்டு. கதிர்வீச்சு என்னும் தமிழ்ச்சொல் விளக்கின் ஒளிக்கும், அடுப்பின் வெம்மைக்கும், அலைபேசிக் கோபுரத்தின் அலைக்கும், அணு உலையின் கதிருக்கும் பொதுவானது. சொல் ஒன்றாயிருத்தலின் பொருளும் ஒன்றே என மக்கள் கருதி, ஊரில் கோபுரம் எழும்போது அணுக்கதிர் வந்ததுபோல் அஞ்சுகின்றனர். களப்பணியாளர் அவ்வச்சத்தை எள்ளி ஒதுக்குதல் தகாது. பிரித்து விளக்குதலே கடன். எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் அணுவினின்று எலெக்ட்ரானைப் பெயர்த்தெறியும் வலிமை உடையன. அதனாலேயே உயிரணுக்களுக்குக் கேடு செய்கின்றன. அலைபேசிக்குப் பயன்படும் 1,800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துளி ஆற்றல், அச்செயலுக்கு வேண்டிய அளவில் பத்து இலட்சத்தில் ஒரு கூறும் இராது. மிக வலிய ரேடியோ அலை உடலைச் சூடேற்றவல்லது. ஆகையால் அதற்கும் வரம்பு உண்டு. 2012 செப்டம்பர் முதல் இந்திய அரசு கோபுரங்களுக்கு விதித்த வரம்பு, பன்னாட்டுக் குழு பரிந்துரைத்த அளவில் பத்தில் ஒரு பங்கு. நீண்டகாலப் பயன்பாடு பற்றிய ஆய்வு முற்றுப்பெற்றுவிட்டது என்றும் கூறுதல் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 இல் இவ்வலைகளை, புற்றுக்குக் காரணமாதல் கூடும் என்னும் ஐயத்துக்குரிய வகுப்பில் வைத்தது. இவ்வளவையும் உள்ளவாறு சொன்னால் ஊரார் கேட்பர். ஒன்றுமே இல்லை என்று கையசைத்தால் கேளார்.

தமிழில் எழுதுவோர்க்கு நடைமுறையில் நாம் பரிந்துரைப்பது இது. நிகழ்ச்சிகளைப் பரப்பும் நிலையத்துக்கும் அவற்றைக் கேட்கும் பெட்டிக்கும் வானொலி என்னும் சொல் முற்றும் தகும். அங்கு மக்கள் நாடுவது ஒலியைத்தான். இயற்கைப் பொருளாகிய அலையைக் கூறுங்கால் ரேடியோ அலை எனல் நன்று. தனிமங்களின் இயல்பைக் கூறுங்கால் கதிரியக்கம் எனல் வேண்டும். கதிர்வீச்சு என்பதைத் தனியே விடாது, எதன் கதிர்வீச்சு என அடைகொடுத்து எழுதுதல் வேண்டும்.

இப்பிரிவினையின் தேவை வானியலில் நன்கு விளங்கும். உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970 முதல் இயங்கும் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அவ்விடத்தின் அட்சரேகை அளவுக்கே சரிந்த மலைச்சரிவில், வடக்குத் தெற்காக அமைக்கப்பட்டது. பெங்களூருக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரிலுள்ள கௌரிபிதனூரில் 1970-களில் நிறுவப்பட்டது வேறு வகை. அதில் ஆடியோ வில்லையோ இல்லை. வயல்வெளியில் நட்ட கம்பங்களும் கம்பிகளுமாக ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் விரிந்து, 34.5 மெகாஹெர்ட்ஸ் அலைகளை, அதாவது 9 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையவற்றை வாங்குமாறு அமைந்தது. இவற்றை வானொலித் தொலைநோக்கி என மொழிபெயர்த்தால், விண்மீன்கள் பாடுவதை விஞ்ஞானிகள் செவிமடுக்கின்றனர் என்றே மாணவர் கொள்வர். கௌரிபிதனூர்க் கம்பிகளில் வந்து படுவது ஒலியன்று. வான்பொருள்களினின்று புறப்பட்டு, காற்றே இல்லாத வெளியைக் கடந்துவந்த கதிர்.